சும்மா தள்ளுகிறவள்

ஆர்டித் கெஸ்லரைப் பற்றி இண்டியானாவில் எங்கள் ஊர்ப் பக்கம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதில் பாதிப் பேர் அன்றைக்கு மைதானத்திலேயே இல்லை. நான் இருந்தேன். ஓடுபாதையை ஒட்டி இருந்த சாப்பாட்டுக் கடை என்னுடையது. பன்றி இறைச்சியைத் தட்டையாக அடித்து, மாவில் புரட்டிப் பொரித்து, பன்னுக்கு நடுவில் வைத்துக் கொடுப்பேன். அடுப்பு முன்னால் நின்றபடியே கால் மைல் பாதையும் எனக்குக் கண்ணில் படும். அதனால் இந்த ஓப்பல் சொன்னால் நம்பலாம்.

அந்த இடம் யுத்த காலத்து விமானத் தளம். சுற்றிலும் சோளக்காடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே டிராக் ரேஸ் நடக்கும். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பச்சை விளக்கு எரிந்ததும் நேர்கோட்டில் சீறும், கால் மைல் கடந்ததும் வாலில் பாராசூட் விரித்து நிற்கும். வாயில் வைத்த சாண்ட்விச்சைக் கடித்து மெல்லுவதற்குள் எல்லாம் முடிந்துபோகும். அந்த ஒரு வாய்ச் சோற்று நேரத்துக்காக ஆண்கள் வாரம் முழுக்க ராத்திரி பகலாக இன்ஜினைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அவர்களால்தான் என் கடை ஓடியது.

ஆர்டித்தின் புருஷன் வெர்ன் கட்டின வண்டிக்குப் பெயர் 'சோளக்காட்டு இடி'. வெறும் இரும்புக் குழாய்களால் ஆன நீளமான சட்டம், நடுவில் ராட்சச இன்ஜின், அதற்குப் பின்னால் கடைசி வாலில் ஓட்டுகிறவரின் இருக்கை. எடை கூடினால் வேகம் குறையும் என்று அதில் ஸ்டார்ட் செய்கிற மோட்டாரைக்கூட வைக்க மாட்டார்கள். பின்னாலிருந்து இன்னொரு வண்டி முட்டித் தள்ள வேண்டும். வேகம் வந்து, எண்ணெய் அழுத்தம் ஏறின பிறகு, ஓட்டுகிறவர் சுவிட்சைப் போடுவார். இன்ஜின் பற்றிக்கொள்ளும். அந்த நொடியில் தள்ளுகிற வண்டி பின்வாங்கிவிட வேண்டும். கொஞ்சம் முந்தினால் இன்ஜின் செத்துப்போகும், கொஞ்சம் பிந்தினால் முன்வண்டி நிலைகுலையும்.

ஆண்கள் ஓட்டுவார்கள், பெண்டாட்டிகள் தள்ளுவார்கள். எங்கள் மைதானத்தில் எந்தக் குழுவை எடுத்தாலும் இதுதான் வழக்கம். தள்ளுகிற பிக்கப் லாரியில் ஒரு பெண் இருப்பாள், பக்கத்து சீட்டில் ஒரு கைக்குழந்தையோ, சாப்பாட்டுக் கூடையோ இருக்கும். ஓட்டுகிறவன் பெயரை வண்டியில் கொட்டை எழுத்தில் வரைவார்கள். தள்ளுகிறவளின் பெயரை எங்கும் எழுதி நான் பார்த்ததில்லை.

ஆர்டித் பண்ணை வீட்டில் பிறந்தவள். பெடலுக்குக் கால் எட்டின அன்றிலிருந்து அப்பாவின் தானிய லாரியை ஓட்டியவள். வார நாட்களில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். பின் சீட்டுப் பசங்கள் "வேகமாப் போங்க, வேகமாப் போங்க" என்று கத்துவார்கள், அவள் ஒரு நாளும் வேக வரம்பைத் தாண்டினதில்லை. எட்டு வருஷம் வெர்னைத் தள்ளினாள். யாராவது அவளை அறிமுகப்படுத்தச் சொன்னால் வெர்ன், "என் வீட்டுக்காரி, சும்மா தள்ளுறவ" என்பான். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவன் அப்படித்தான் நினைத்தான், அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு முறை பெண்களுக்கென்று ஒரு போட்டி வைப்பார்கள், வீட்டுக் காரில். பரிசு ஒரு வாணலி. ஆர்டித் ஒரே ஒரு தடவை கலந்துகொண்டு ஜெயித்தாள். வாணலியை நேராக என் கடைக்குக் கொண்டுவந்தாள்.

"ஓப்பல், இது உனக்கு. எனக்கு வேண்டியது இது இல்ல."

"அப்ப எதுடி வேணும்?"

அவள் 'சோளக்காட்டு இடி' நின்ற பக்கம் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வாணலியில் இன்றைக்கும் முட்டை பொரிக்கிறேன்.

அறுபத்தாறாம் வருஷம் வசந்தத்தில் வாய்ப்பு தானாக வந்தது. காரணம் வெர்னின் வயிறு. அதில் என் கடைக்கும் பங்கு உண்டு, மறுக்க மாட்டேன். பனிக்காலம் முழுக்க நன்றாகச் சாப்பிட்டுவிட்டு முதல் ஞாயிறு வண்டிக்குள் இறங்கியவன் பாதுகாப்புக் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டான். இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். மைதானத்தை நடத்திய லாய்ட் ப்ரூனர்தான் மைக்கிலும் பேசுவான். "பெரியோர்களே, வெர்ன் கெஸ்லருக்குச் சுகப்பிரசவம்!" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தான். கூட்டம் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது.

அன்று சாயங்காலம் என் கடை முன்னால் வெர்ன் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். "யாராவது சின்னப் பையனைப் பிடிச்சு ஓட்ட வைக்கணும்."

"எதுக்குப் பையன்? நான் இருக்கேன்ல" என்றாள் ஆர்டித்.

வெர்ன் சிரித்தான். "நீயா? நீ சும்மா தள்ளுறவ, கண்ணு."

அவள் காபியைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்: "அந்தச் சும்மாவை எட்டு வருஷமா நான்தான் பண்றேன். ஒரு நாள் நீ பண்ணிப் பாரு."

அவன் அந்த வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த வாரம் இருக்கையை அவள் அளவுக்கு வெட்டிப் பொருத்தினான். பெரிய மனசு என்று நான் புகழ மாட்டேன். வண்டி கொட்டகையில் சும்மா நிற்பதை அவனால் பார்க்க முடியவில்லை.

அடுத்துத் தாண்ட வேண்டிய மலை லாய்ட். "இந்த மாதிரி வண்டி ஓட்டப் பொம்பளைங்களுக்கு லைசென்ஸ் கெடையாதும்மா."

"எந்த விதியில இருக்கு?"

"விதியில இல்ல. எழுதணும்னு இது வரைக்கும் யாருக்கும் தோணல, அவ்வளவுதான்."

"எழுதறதுக்கு முன்னாடியே சோதிச்சிடுங்க, லாய்ட்."

லாய்ட் கெட்டவனில்லை, கோழை. ஒரு பெண் அவன் மைதானத்தில் செத்துப்போனால் பத்திரிகைக்காரர்கள் அவனைக் கிழித்துவிடுவார்கள் என்று பயம். ஆண்கள் செத்தால் பூவோடு போய் நின்றுவிட்டு வருவான். கடைசியில் லைசென்ஸ் உள்ள இரண்டு ஓட்டுநர்கள் கையெழுத்துப் போட்டால் சோதனை வைக்கிறேன் என்றான். ஒருவர் அவளை நம்பிப் போட்டார். இன்னொருவர் நான் சுட்ட ஆப்பிள் பலகாரத்தை நம்பிப் போட்டார்.

சோதனை நாள் ஜூன் மாதம், நல்ல வெயில். முதலில் கண்ணைக் கட்டினார்கள். நெருப்பிலும் புகையிலும் கண் தெரியாமல் போனாலும் கை தன் வேலையைச் செய்ய வேண்டும் என்பதால் எல்லா ஓட்டுநர்களுக்கும் இந்தச் சோதனை உண்டு. லாய்ட் தன் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டு ஒவ்வொன்றாகக் கூவினான். "பிரேக்! எரிபொருள்! பாராசூட்!" அவள் கை ஒவ்வொன்றிலும் போய் நின்றது. குழப்புவதற்காக ஒன்றையே திரும்பக் கேட்டான்.

"இதை இப்பத்தான் கேட்டீங்க, லாய்ட்."

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். இனி பாக்கி, இன்ஜினைக் கிளப்பி ஒரு முறை கால் மைலைச் சுத்தமாக ஓடி நேராக நிற்பது. அதைச் செய்தால் லைசென்ஸ், செய்யாவிட்டால் மறுபடி பிக்கப்.

வெர்ன் பிக்கப்பில் ஏறினான். முகத்தில் ஒரு அலட்சியம். வந்து முட்டினான் பாருங்கள், 'டங்' என்ற சத்தத்தில் என் கடைச் சட்டி அதிர்ந்தது. ஆர்டித்தின் ஹெல்மெட் முன்னும் பின்னும் ஆடியது. ஒரே மிதியாக மிதித்து, இன்ஜினைக் கிளப்புகிற பக்கப்பாதையின் கடைசி வரை விரட்டிவிட்டான். எண்ணெய் அழுத்தம் ஏறவே இல்லை, அவள் சுவிட்சைத் தொடவில்லை.

"அம்மணிக்கு சுவிட்சு எங்கன்னு மறந்துபோச்சு போல" என்றான் லாய்ட் மைக்கில். ஆண்கள் கெக்கலி கொட்டினார்கள்.

இரண்டாம் தடவை மெதுவாகத் தள்ளினான். இன்ஜின் ஒரு இருமல் இருமியதுமே பயந்துபோய்ப் பின்வாங்கிவிட்டான். அது அப்படியே அடங்கியது. மறுபடி வந்தார்கள். இந்த முறை இன்ஜின் நன்றாகப் பற்றிக்கொண்டது. ஆனால் வெர்ன், ஓட்டுகிறவர் கையைத் தூக்கிக் காட்டுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். எல்லா ஓட்டுநர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள்: நான் கை தூக்குகிறேன், அவள் நிறுத்துகிறாள் என்று. அவன் கைக்காகக் காத்துத் தள்ளிக்கொண்டே போக, முன்வண்டி கோணிக்கொண்டு புல்லுக்குள் இறங்கியது. ஆர்டித் இன்ஜினை அணைத்தாள்.

லாய்ட் மைக் இருந்த கோபுரத்திலிருந்து இறங்கி வந்தான். "போதும்மா. இன்னும் ஒரே தடவை. அதுவும் ஆகலன்னா வண்டியை ஏத்திக்கிட்டுக் கெளம்பு, இந்தப் பேச்சை இனி எடுக்காத."

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். கரண்டியோடு வெளியே ஓடினேன். "உனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா லாய்ட்? சொதப்புறது தள்ளுறவன், திட்டு அவளுக்கா? எட்டு வருஷத்துல அவ தள்ளி ஒரு தடவை இப்படி ஆகியிருக்கா?"

கூடி நின்ற பெண்டாட்டிகளில் ஒருத்தி, "நான் தள்ளட்டுமா ஆர்டித்?" என்று கேட்டாள். அவள் புருஷன் முறைத்தான்.

"வேண்டாம். வெர்ன்தான் தள்ளணும்" என்றாள் ஆர்டித். வேறு ஒருத்தி தள்ளினால், கட்டின புருஷனே கூட நிற்கவில்லை என்று ஊர் பேசும். அது அவளுக்குத் தெரியும்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பிக்கப்பிடம் போனாள். வெர்ன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"தள்ளுறதுல என்ன இருக்குன்னு நெனச்சேன், ஆர்டித்."

"என் கையைப் பார்க்காத, வெர்ன். கை லேட்டாத்தான் வரும், அதுக்கு உள்ள நூறு வேலை. கழுத்தைப் பாரு."

"கழுத்தையா?"

"இன்ஜின் பத்திக்கும்போது பின்கழுத்து ஒரு இம்மி விறைக்கும். உனக்கும் அப்படித்தான். எட்டு வருஷமா உன் பின்கழுத்தைப் பார்த்துத்தான் கால் எடுத்தேன். உன் முகத்தைவிட எனக்கு அதுதான் நல்லாப் பழக்கம்."

வெர்ன் தன்னையறியாமல் பின்கழுத்தைத் தடவிப் பார்த்தான். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் தாழ்ந்த குரலில், "என் வீட்டுக்காரருக்கு வலது தோள்" என்றாள். அவளுக்கு அடுத்து நின்றவள், "இவருக்குக் காது" என்றாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருஷமும் ஒருத்தியிடமும் ஒருவரும் கேட்டதில்லை.

நாலாம் தடவை வெர்ன் முட்டின சத்தமே கேட்கவில்லை. பாதையில் பாதி தூரத்தில் இன்ஜின் உறுமியது, பிக்கப் அதே நொடியில் பின்தங்கியது. 'சோளக்காட்டு இடி' திரும்பி வந்து புறப்படும் கோட்டில் நின்றது. பச்சை விளக்கு. பூமி அதிர்ந்தது, என் கடைத் தகரம் கடகடத்தது. தூரத்தில் பாராசூட் வெள்ளையாக விரிந்தது. வண்டி நேராக நின்றது. நான் கரண்டியைத் தூக்கிப்போட்டு அழுதேன். ஒரு தட்டு சாண்ட்விச் கருகிப்போனது, போகட்டும்.

லைசென்ஸ் வந்தது. அந்த வாரமே ஆர்டித் பெயின்ட் அடிக்கிறவரை வரவழைத்து, பிக்கப் கதவில் 'தள்ளுபவர்: வெர்ன் கெஸ்லர்' என்று கொட்டை எழுத்தில் எழுத வைத்தாள். மற்ற ஆண்கள் அவனைக் கேலி பேசியே தள்ளினார்கள். அவன் வாரா வாரம் அந்தக் கதவைத் துடைத்துப் பளபளப்பாக வைத்துக்கொண்டான். அந்த வருஷம் முடிவதற்குள் இன்னும் சில பிக்கப் கதவுகளில் பெண்களின் பெயர்கள் முளைத்தன.

ஐந்து வருஷம் ஓட்டினாள். ஜெயித்தாள், தோற்றாள். அவளிடம் தோற்றவர்களுக்கெல்லாம் அன்றைக்கு ஏதாவது ஒரு கோளாறு இருந்தது, காற்று, டயர், தலைவலி. ஒருவன் அவளோடு ஜோடி விழுந்ததும் வண்டியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டான். அவள் தனியாக ஓடி ஜெயித்துவிட்டு வந்து, "இன்னிக்குக் கஷ்டமே இல்ல ஓப்பல், ஒரு காபி குடு" என்றாள். திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் பள்ளிக்கூடப் பேருந்தில் இருப்பாள்.

அப்புறம் அந்த ஆகஸ்ட். முடிவுக் கோட்டைத் தாண்டுகிற நேரத்தில் இன்ஜின் வெடித்து, எண்ணெயில் தீப்பிடித்தது. இன்ஜின் முன்னால் இருக்கிற வண்டியில் தீ நேராக ஓட்டுகிறவர் மேல்தான் வரும். கண் தெரியாத அந்த நெருப்புக்குள் அவள் கை பாராசூட்டை இழுத்தது, எரிபொருளை அடைத்தது, பிரேக்கைப் பிடித்தது. அதனால் உயிர் பிழைத்தாள். முகமூடிக்கும் உடைக்கும் நடுவே கழுத்தும் தோளும் வெந்துபோயின. பிக்கப்பில் முதலில் போய்ச் சேர்ந்தது வெர்ன். அவளை வெறுங்கையால் வெளியே இழுத்தான்.

பனிக்காலம் முழுக்க ஆஸ்பத்திரி. புதுத் தோல் ஒட்டிக்கொண்டது, ஆனால் இறுகிவிட்டது. கழுத்து அசையாது, கை தோளுக்கு மேல் எழாது. பேருந்துப் பிள்ளைகள் எழுதின வாழ்த்து அட்டைகளைச் சுவர் நிறைய ஒட்டியிருந்தாள். லாய்ட் பூவோடு வந்தான். இனிமேல் கோபுரத்தில் உட்கார்ந்து மைக்கில் பேசேன் என்று இழுத்தான்.

"மைக்கை நீயே வச்சுக்க லாய்ட். வசந்தத்துல என் வண்டிக்கு ஒரு இடம் ஒதுக்கி வை."

லாய்ட் தலையைச் சொறிந்தான். மருத்துவர் சரி என்றால், முதலில் ஒரு ஓட்டம் ஓடிக் காட்டட்டும், கிளம்புவதில் ஒரு குலுக்கல் இருந்தாலும் விடமாட்டேன் என்றான். இந்த முறை அவன் பயத்தில் நியாயம் இருந்தது. மருத்துவரும் அரை மனசாகத்தான் சம்மதித்தார்.

வசந்தத்தில், அந்த ஓட்டத்துக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமை காலை வெர்ன் என் கடைக்கு வந்தான். சாண்ட்விச் நீட்டினேன், வேண்டாம் என்றான். அவன் என்னிடம் சாப்பாடு வேண்டாம் என்றது அதுதான் முதல் தடவை.

"அந்தக் கழுத்து அசையாதே, ஓப்பல்."

"கை காட்டச் சொல்லேன்."

"கையும் எழும்பாது. நான் ஒரு தடவை தப்பா முட்டுனா அந்தத் தோல் கிழிஞ்சிடும். அவளுக்குத் திரும்ப ஆஸ்பத்திரிதான். வேற யாரையாவது தள்ளச் சொல்லட்டுமா?"

"அவ கிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். 'என் வண்டியை நீதான் தள்ளுற'ன்னுட்டா. வேற ஒண்ணும் சொல்லல."

அடுப்பை அணைத்தேன். கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு அவனோடு போய் பிக்கப்பின் பின்தட்டில் ஏறிக்கொண்டேன். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். வெர்ன் குனிந்து வலது கால் பூட்ஸைக் கழற்றினான். காலுறையையும் உருவினான். பாதத்தைப் பெடல் மேல் வைத்து ஒரு முறை தடவிப் பார்த்தான். அப்புறம்தான் இன்ஜினைக் கிளப்பினான்.

பிக்கப் முன்வண்டியைத் தொட்டது எனக்கே தெரியவில்லை. முன்னால் ஆர்டித்தின் ஹெல்மெட் கல்லில் செய்தது போல அசையாமல் இருந்தது. வேகம் ஏறியது. வெர்ன் அவளைப் பார்க்கவே இல்லை. பாதையைப் பார்த்தபடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, முழு மனசையும் காலில் வைத்திருந்தான். முன்வண்டியின் கனம் பெடலில் லேசாகக் குறைந்திருக்க வேண்டும். இன்ஜினின் சத்தம் என் காதுக்கு வருவதற்கு முன்பே அவன் கால் எழும்பிவிட்டது. 'சோளக்காட்டு இடி' எங்களை விட்டுப் பிரிந்து, தானாகப் போய்த் திரும்பி, கோட்டில் நின்றது.

அவள் ஓடினாள். வேகத்தில் அது பெரிய ஓட்டம் இல்லை. நேரான ஓட்டம். லாய்ட் மைக்கில் ஒன்றுமே பேசவில்லை, அவன் பேசாமல் இருந்தால் அழுகிறான் என்று அர்த்தம்.

வழக்கப்படி பிக்கப் பின்னாலேயே போனது, வண்டியைத் திரும்பக் கூட்டிவர. கால் மைலுக்கு அப்பால் அவள் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்ற நான் உதவினேன். வெர்ன் இறங்கி வந்தான். வெயிலில் சூடேறிய தாரில் வெறுங்கால் பட, ஒற்றைக்காலில் நொண்டி நொண்டித் துள்ளினான்.

ஆர்டித் அந்தக் காலைப் பார்த்தாள். "எப்படித் தெரிஞ்சுது வெர்ன், பத்திக்கிச்சுன்னு?"

அவன் பிக்கப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

"என்னத்தை? நான் சும்மா தள்ளினேன்" என்றான்.

அவளுக்குக் கழுத்து திரும்பாது. அதனால் இருக்கையில் உடம்பையே முழுசாகத் திருப்பி உட்கார்ந்து, வெகுநேரம் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.